முள் தெரியாத மீட்டர்

ஹலோ… ஹலோ… மச்சான், நான்தான்யா… உன் அக்கா புருஷன்… ஏன், வேற யாராவது அந்தப் பதவிக்கு வந்துட்டாங்களா, இப்படி யோசிக்கிற… குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கா? கிணறு இல்ல, கார். நீ எனக்கு வித்தியே, அதே கார்தான். டேஷ்போர்டுக்கு அடியில தலைய விட்டுக்கிட்டு மல்லாந்து கெடக்கேன். காலு ரெண்டும் கதவுக்கு வெளியில. தெருவுல போறவன்லாம் நின்னு பாத்துட்டு, பாவம், நல்ல மனுஷன்னு சொல்லிட்டுப் போறான்… இல்ல, உயிர் இருக்கு. இப்போதைக்கு இருக்கு.

வைக்காத, வைக்காத. கடையில வேலை கெடக்கட்டும். ஒரு பேன்ட்ட நாளைக்குத் தச்சா உலகம் அம்மணமா நின்னுடாது.

ஆமா… ஆமா… அந்த மீட்டர் விளக்கேதான். இன்னும் அப்படியேதான் இருக்கு. அதுக்குப் பேரு வெளிச்சமாய்யா? ஒரு மின்மினிப் பூச்சியப் புடிச்சு உள்ள விட்டா, அது தனியா இதைவிட நல்லா வேலை பாக்கும். பொழுது சாய்ஞ்சா போதும், நாப்பதுல போறேனா, நூறுல போறேனா, இல்ல நின்னுக்கிட்டுதான் இருக்கேனான்னு எதிர்ல வர்றவன் மூஞ்சியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன். அவன் அலறினா வேகமா போறேன்னு அர்த்தம். திட்டினா மெதுவா போறேன்னு அர்த்தம்.

சிரி, சிரி. போன வாரக் கதை கேட்டா இன்னும் சிரிப்ப… உன் மருமகன், என் பையன்தான், சொல்லலையா… அட, அவனோட மேனேஜர ஸ்டேஷன்ல இருந்து கூட்டிக்கிட்டு வரப் போனோம்யா. அந்தி நேரம். பாலத்து மேல பாதி வழியில வண்டி ரெண்டு இருமு இருமிட்டு நின்னு போச்சு… என்ன கோளாறா? ஒரு கோளாறும் இல்ல. பெட்ரோல் இல்ல. முள்ளு சுத்தமா கீழ படுத்திருக்கு, எனக்குத் தெரிஞ்சாத்தானே. அந்த மேனேஜர் கோட்டு சூட்டோட இறங்கித் தள்ளினாரு. இந்தப் பக்கம் லாரி, அந்தப் பக்கம் பஸ்ஸு, அத்தனை பேரும் ஹாரன். அவரு மூச்சு வாங்கின சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும்.

அதுல இருந்து வீட்டுல ஒரே பேச்சுதான். அப்பாவுக்குக் கண்ணு போச்சு. விளக்கு மங்கல்டான்னு தலைதலையா அடிச்சுக்கறேன். அவன் எட்டிப் பாத்துட்டு, எனக்குத் தெரியுதேப்பாங்கறான். அவன் வயசுக்கு ஆந்தை மாதிரி எல்லாம் தெரியும். உன் அக்கா இருக்காளே, அவ அதுக்கு மேல. ஊரு பூரா தெருவிளக்குப் போட்டு ரிட்டையர் ஆன மனுஷன், ஒரு சாண் பொட்டிக்குள்ள விளக்குப் போடத் தெரியலன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கா.

விஷயம் என்னன்னா, இன்னைக்கு அவன் ஆபீஸ் விட்டு வந்ததும் பரீட்சை… எனக்குத்தான், வேற யாருக்கு. இருட்டற நேரத்துல பக்கத்துல உக்காந்து, முள்ளு எங்க நிக்குதுன்னு கேப்பானாம். சொல்லலைன்னா சாவி அவன் கையில. வண்டிக்கு ஆள் கூடப் பாத்துட்டான், ஆபீஸ்ல யாரோ… ம்… ம்… அப்புறம் நான் எங்க போகணும்னாலும் அவங்கிட்ட கைகட்டி நிக்கணும். முடி வெட்டிக்கணும்டா, கொஞ்சம் கூட்டிட்டுப் போறியான்னு கேக்கறதுக்கு முடியையே வளத்துடலாம்.

அதனால சொல்லு. மீட்டர் பொட்டிய வெளிய இழுத்துட்டேன். ஒயரோட தொங்குது. என்ன பாக்கணும்… பேட்டரி பாத்தாச்சு. புதுசு… ஃபியூஸ் பாத்தாச்சு… சக்கரமா? ஸ்டீயரிங் பக்கத்துல இருக்கே, வெளிச்சத்தக் கூட்டிக் குறைக்கற சக்கரம், அதானே… மொதல்ல அதத்தான் திருகினேன். காலையில இருந்து திருகித் திருகி என் கட்டைவிரல் ரேகையே அழிஞ்சு போச்சு. இனிமே நான் கைநாட்டு கூட வைக்க முடியாது… எர்த் ஒயரா… சுரண்டி இறுக்கியாச்சு… ஆமாய்யா, ஆமா, இறுக்கியாச்சு.

மிச்சம் பல்புதான். பல்ப கழட்டிப் பாக்கறேன்… ஏன்… ஏன் வேணாங்கற… உடைஞ்சுடுமா? தெருக் கம்பத்து மேல காத்துல ஆடிக்கிட்டே பல்பு மாத்தினவங்கிட்ட இதச் சொல்றியா… சரி, ஸ்விட்ச்ச மறுபடி பாக்கறேன்… பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல. பல்ப கழட்டறேன்… இல்லய்யா, ஃபியூஸ்ஸ ஏற்கெனவே ரெண்டு தடவ பாத்துட்டேன், மூணாவது தடவ பாத்தா அது குட்டி போடுமா… என்ன மச்சான், பல்புன்னு சொன்னாலே பதறுற. நீ பதறப் பதற எனக்குக் கை அங்கதான் போகுது. இரு… வந்துடுச்சு.

இரு, இரு. என்னது இது.

கறுப்பா இருக்கே… எரிஞ்சு போனதா இருக்குமா? எரிஞ்சு போனா உள்ளதான்யா கறுக்கும். இது வெளியில. நகத்தால சுரண்டினா உரியுது… கறுப்பு கூட இல்ல. வெளிச்சத்துல புடிச்சா குங்கும நிறமா இருக்கு. மச்சான், இது நகப்பூச்சு… போன வைக்காத. ஹலோ… இருக்கியா? இப்பத்தான் புரியுது, லைட்டப் போட்டு ஓட்டினா ஒரு வாசனை வருமே. யாரு இந்த வண்டியில ஏறினதுன்னு உன் அக்கா ஒரு நாள் முழுக்க என்னைக் குடைஞ்சாளே. பாவி, உன் பொண்ணு நகப்பூச்சுக்கு நான் பதில் சொல்லியிருக்கேன்யா.

அடுத்ததும் அப்படித்தான்… அதுக்கு அடுத்ததும். ஒண்ணு விடாம பூசியிருக்க. சுவருக்குக் கூட ஒருத்தனும் இவ்வளவு அக்கறையா அடிக்க மாட்டான். கண்ணு மாதிரி பாத்துக்கிட்ட வண்டின்னு சொல்லித்தானே என் தலையில கட்டின? இதுக்கு நான் குருட்டுப் பட்டம் வாங்கிட்டு உக்காந்திருக்கேன். ஏன்யா பூசின? கல்யாணம் ஆகப் போற பல்பா அது?

கூசுதா… எது கூசுது… மீட்டர் வெளிச்சமா? அது எப்படிய்யா கூசும்…

ம்.

ம்… முன் கண்ணாடியில பட்டு… சரி… எதிர்ல வர்ற வண்டி லைட்டும்… ஒவ்வொண்ணும் சாமந்திப் பூ மாதிரி விரியுதா? ரெண்டு கண்ணுலயுமா… எப்ப இருந்து… டாக்டர்கிட்ட காட்டினியா… போகவே இல்லையா.

அப்ப வண்டிய அதுக்குத்தான் வித்திருக்க. பெட்ரோல் கட்டுப்படியாகலன்னு எங்கிட்ட சொன்ன… ம்… ஆமா, நானும் நம்பினேன். நீ தச்சுக் குடுத்த சட்டையில ஒரு காலர் என்னைப் பாக்குது, ஒரு காலர் தெருவப் பாக்குது, அப்பவே நான் யோசிச்சிருக்கணும். புது மாடல்னு சொன்ன, அதையும் நம்பி மூணு இடத்துக்குப் போட்டுக்கிட்டுப் போனேன்.

சரிய்யா… சரி… யாருகிட்டயும் சொல்லல. அழாத… அழலன்னா மூக்க ஏன் உறிஞ்சுற… புரியுது. தையல்காரனுக்குக் கண்ணு தெரியலன்னா எவன் துணி குடுப்பான், அதானே… ஆமா, பேசுவாங்க. ஆனா இப்பவும் ஸ்கூட்டர் ஓட்டிக்கிட்டுத்தானே இருக்க? பின்னாடி யாரு உக்காருவா… உன் பொண்டாட்டியும் பொண்ணும். ராத்திரி கடையடைச்சுட்டு… ம். சாமந்திப் பூவுக்கு நடுவுல ஓட்டிக்கிட்டுப் போற.

யோவ், கத்தி வைக்கறதுன்னா எனக்கு மட்டும் குஷியா? நான் ஊசின்னாலே ஆஸ்பத்திரிப் பக்கமே போகாம சுத்தி வந்துடுவேன். எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்குக் கண்ணுல புரை ஆபரேஷன் பண்ணாங்க. ஒரு தோசை வேகற நேரம். வெளிய வந்து, எங்களையெல்லாம் தெளிவாப் பாத்துட்டு, முன்னாடியே தேவலாம்னாரு… சிரிச்சியா. அப்பாடா.

இந்தா, இரும்மா, உன் தம்பியோடதான் பேசிக்கிட்டு இருக்கேன்… ஒண்ணும் இல்ல, ஒயர் விஷயம்… உள்ள போ, வர்றேன்… ஒண்ணும் சொல்லலய்யா, பயப்படாத. போயிட்டா.

இப்ப நான் சொல்றதக் கேளு. பேசிக்கிட்டே பிளேடால எல்லாத்தையும் சுரண்டிட்டேன். திருப்பி மாட்டியும் ஆச்சு. போட்டுப் பாக்கறேன்… அடேயப்பா. மச்சான், தேர்த் திருவிழாய்யா உள்ள. வேக முள்ளு, சூட்டு முள்ளு, இதுவரைக்கும் எத்தனை தூரம் ஓடியிருக்குன்னு கூடத் தெரியுது. நீ சொன்னதுக்கு டபுளா ஓடியிருக்கு, அத அப்புறம் பேசிக்கலாம்.

ஒண்ணே ஒண்ண மட்டும் சுரண்டல. பெட்ரோல் முள்ளுக்குப் பின்னாடி இருந்த பல்பு. என் சட்டைப் பையில பத்திரமா இருக்கு… எதுக்கா? நீ நாளைக்குக் காலையில எங்கூடக் கண் ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு. நான் வண்டியோட வந்து நிப்பேன், நீ ஏறணும். ஏறலைன்னா பல்பு நேரா உன் அக்கா கைக்குப் போகும். அப்புறம் அவளாச்சு, நீயாச்சு… மிரட்டல்தான். வேற என்னன்னு நெனச்ச… அடுத்த வாரம், அடுத்த மாசம் எல்லாம் கெடையாது.

ஐயோ, கேட் சத்தம். பையன் வந்துட்டான்.

வாடா, வா… ஆமா, மாமாதான் போன்ல… வேலையெல்லாம் முடிஞ்சது. உக்காரு… வேகமா? சைபர், வண்டி நிக்குதுல்ல. சூடு? கால்வாசி… பெட்ரோலா.

பெட்ரோல் இருட்டா இருக்கா. ஆமாண்டா, இருட்டாத்தான் இருக்கு… இல்லடா, கண்ணு தெரியாம இல்ல. ஒரு பல்பு மாட்ட வேண்டியிருக்கு… சாவிய விடு. கைய எடு முதல்ல. ஒரு நிமிஷம்.

மச்சான், இவன் காதுல விழாம சொல்றேன், கேட்டுக்கிட்டுதானே இருக்க? பல்பு பையில இருக்கு. எடுத்து அப்படியே இவங்கிட்ட காட்டினா என் பேரு காப்பாத்தப்படும். சொல்லு… இழுக்காத… இவன் கை சாவி மேல இருக்குய்யா. வர்றியா, இல்லையா… கேக்கல… உன் பொண்ணு மேல ஆணையாவா… ம். காலையில. அதுவரைக்கும் ஸ்கூட்டரத் தொடக் கூடாது. இப்ப வீட்டுக்கு நடந்து போ… சரி. சரிய்யா. போதும்.

டேய், அந்த பிளேட எடு… எதுக்கா? பல்புல அழுக்கு, சுரண்டணும். எட்டிப் பாக்காதடா, வெளிச்சத்த மறைக்கற… ம்… ஆச்சு… இந்தா, மாட்டியாச்சு. பாத்துக்கோ. முள்ளு கால் டேங்குக்கு ஒரு நூல் கீழ நிக்குது. சரியா? சத்தமா சொல்லு, சரியா? அப்ப சாவி அங்கேயே இருக்கட்டும். நாளைக்கு எனக்கு வண்டி வேணும்… மாமாவோட ஒரு சின்ன வேலை… துணி எடுக்க.

என்னடா, சீட்டெல்லாம் செவப்பா இருக்குங்கற… துருடா அது. பழைய வண்டின்னா துரு இருக்காதா… மினுக்குதா?… அந்தக் காலத்துத் துரு அப்படித்தாண்டா, மினுக்கும்… மச்சான், நான் வச்சுடறேன்.