பூட்டிய பின்னறை

எண்ணெய்ப் பரோட்டாவை ஆறவிடக் கூடாது சார். ஆறினால் அட்டை போலாகிவிடும்.

நான் பி.காம். படித்தவன். தாயில்பட்டி விலக்கில் பரோட்டாக் கடை வைத்திருந்தேன். சிகாகோவில் நின்றபடியே சாப்பிடுகிற கடைகளைச் செல்போனில் பார்த்துவிட்டு, உயரமான மேசைகள் செய்து போட்டேன். என் மனைவி வேல்விழி சிரித்தாள்.

"நாள் முழுக்க உக்காந்து வெடி சுத்துற சனம். நின்னு தின்னா இடுப்புக்காவது நல்லதுதான்."

கடை மட்டும் போதவில்லை. முற்றத்துக்கு அப்பால் இருந்த பின்னறையில் லைசென்ஸ் இல்லாமல் பட்டாசு செய்தோம். நான் ஆர்டர் பிடிப்பேன். மருந்து கலப்பது அவள். சோதனைக்கு ஆள் வந்தால் அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிடுவேன். அவள் விளக்கை அணைத்து, கைவேலையை நிறுத்தி, அசையாமல் இருப்பாள். பூட்டிய அறையை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அன்று சோதனைக்கு வந்த நாலு பேரும் பசியோடு என் கடைக்கே வந்தார்கள். பின்னறையைப் பூட்டிவிட்டு, அவர்களுக்கு மட்டும் நாற்காலி போட்டேன்.

"ஏம்ப்பா, இந்தச் சால்னாவுக்கே தனியா லைசென்ஸ் வாங்கணும் போலயே. எம்புட்டுக் காரம்!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முற்றத்தில் விறகெடுக்கப் போனபோது கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"ஏங்க, கலந்த மருந்து சூடேறுது. தொறங்க."

அப்போதும் மெதுவாகத்தான் சொன்னாள், அவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று.

"பொறு. இப்பப் போயிருவாக" என்றேன்.

கலந்த மருந்தை உடனே வெடிக்குழலில் அடைக்காமல் வைத்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். கல்லுக்குத் திரும்பினேன். இன்னொரு ஈடு பரோட்டா போட்டேன். அவர்கள் கை கழுவி, ஜீப் ஏறி, வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் சாவியை எடுத்தேன். முற்றத்தில் கால் வைத்தபோது வெடித்தது.

ஆஸ்பத்திரியில் என் கைக்கட்டைப் பார்த்து, மகளைப் பறிகொடுத்த மாமியார் வள்ளித்தாய் கேட்டார்: "மாப்ள, ஏதாச்சும் சாப்பிட்டீகளா?" அந்த முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவளே உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள் என்று முதல் வாக்குமூலத்தில் உங்களிடம் எழுதிக் கொடுத்தேன். பொய். அவள் கதவைத் தட்டியது கொத்துப் பரோட்டா சத்தத்தில் கேட்கவில்லை என்றேன். அதுவும் பொய்.

அன்று யாரும் கொத்துப் பரோட்டா கேட்கவில்லை சார். அவள் தட்டத் தொடங்கிய பிறகுதான் நான் கொத்த ஆரம்பித்தேன்.