கங்காரு குறுக்கே போனால்

பீங்கான் கம்பெனியில் ஆள் வேண்டாம் என்றுவிட்டார்கள். வேறு ஊர் பார்க்கலாமென்று விருத்தாசலம் ஜங்ஷனுக்கு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எதிரே பெரிய பெட்டிகளோடு நடுவயதுக் கணவனும் மனைவியும்.

“கங்காரு குறுக்க போனா வண்டிய நிறுத்தணும்னு எந்த ஊர்ல இருக்குது?” என்று டிரைவரிடம் கேட்டார் கணவர்.

“பூனைக்கு உண்டுன்னா அதுக்கும் உண்டுதானே,” என்றார் அந்த அம்மா.

“ஆஸ்திரேலியாவுல மவன் கார எடுத்துக்கிட்டு நாங்க ரெண்டு பேருமா கடலோர ஊருக்குக் கிளம்புனோம். காட்டு ரோட்ல கங்காரு தாண்டிச்சி. வேற வண்டி முன்னால போவட்டும்னு இவதான் நிறுத்த வெச்சிட்டா. ஒரு மணி நேரம் ஒண்ணுமே வரல.”

“வெள்ளக்காரர் வந்தாரில்ல?”

“வந்தாரு. ரிப்பேருன்னு நெனச்சி அவரும் நின்னுட்டாரு. போங்கன்னா போவல. ஃப்ளாஸ்க்ல இருந்து டீ ஊத்திக் குடுக்கறாரு.”

“ரெண்டு கப்பு குடிச்சது யாரு?”

“போய்ச் சேர்றப்ப இருட்டிப்போச்சி. கடலு சத்தம்தான் கேட்டுது. காலையில மவனுக்குக் காரு வேணும்னு அப்பவே திரும்பிட்டோம். பாக்காத கடலப் பாக்கத்தான் இப்ப மறுபடி போறோம். இந்த ரயில வுட்டா ஏரோப்ளேனும் போச்சி.”

ஸ்டேஷன் தெருவில் ஒரு பூனை குறுக்கே ஓடியது. டிரைவர் பிரேக் போட்டுவிட்டு, வேறு வண்டி வருகிறதா என்று திரும்பிப் பார்த்தார். வரவில்லை. கணவர் மனைவியைப் பார்த்தார்.

அந்த அம்மா இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பூனை போன இடத்தைத் தாண்டி நின்றார்.

“நான் முன்னால போயிட்டேன். வண்டிய எடுங்க தம்பி.”

“இத அன்னிக்கே செஞ்சிருக்கலாமேடி?”

“அன்னிக்கு என்ன ரயிலா புடிக்கணும்?”