ஒரு பக்கத் தறி மட்டும் நின்ற நாள்

ஓடுகிறேன். நெல் உமியின் ஒரு முனை என் தோளில். மறுமுனை குப்பன் மாமா தோளில். உமிக்குள் என் தங்கச்சி பொன்னி. விர்ர். பட். முன்னால் மணல் கல் விழுகிறது. விர்ர். பின்னால் யாரோ விழுகிறார்கள்.

"குனிஞ்சிகினு ஓடுடி!" மாமா கத்துகிறார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் சின்ன ஜனம். பெரியவர்களின் சுண்டுவிரல் நகத்தளவு உயரம். ஆரணியில் ஒரு பவர்லூம் கொட்டகைக்குப் பின்னால், வைக்கோல் போரில் குடியிருக்கிறோம். மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு தறிக் கொட்டகை. அதன் ஓடுகளுக்கு அடியிலும் எங்களைப் போன்ற ஜனம்தான். ஓட்டுக்கூட்டம் என்போம். வைக்கோலுக்காகத் தொடங்கிய சண்டை. மூன்று மழைக்காலமாக ஓயவில்லை.

மழை விட்டால் வைக்கோலில் காளான் எழும்பும். மலை மாதிரி நிற்கும். குடைந்து வைத்தியசாலை கட்டுவோம். காம்புக்குள் படிக்கட்டு. குடை மடிப்புகளில் படுக்கை. காயத்தைப் பட்டு இழையால் தைத்துக் காளான் தூளை அப்பினால் ஆறிவிடும். ஆனால் நாலாம் நாள் குடை கறுக்கும். மையாக ஒழுகும். மை பட்ட காயம் சீழ் பிடிக்கும். அதற்குள் அடுத்த காளானுக்கு மாற்றியாக வேண்டும்.

மாற்ற ஒரே நேரம்தான் உண்டு. தறி ஓடினால் கல் விழும் சத்தம் பெரியவர்களுக்குக் கேட்காது. தறி நின்றால் கேட்டுவிடும். வைக்கோலைக் கிளறுவார்கள், ஓட்டைப் பிரிப்பார்கள். அதனால் இரண்டு பக்கத் தறியும் நின்றால் கல் எறிவதில்லை. இரண்டு கூட்டமும் மீறாத பேச்சு இது. கரண்ட் போனால் இரண்டு கொட்டகையும் ஒன்றாக நிற்கும். அப்போது தூக்குவோம். வைக்கோலுக்குள் இருப்பவர்களுக்குச் சத்தம் சரியாகக் கேட்காது. வெளியே இரண்டு பேர் காது கொடுப்போம், ஆளுக்கொரு பக்கம்.

அன்று நாலாம் நாள். உச்சிப்பொழுது. உள்ளே ஒன்பது பேர். மதில் பக்கம் காது கொடுப்பவனும் கல்லடி பட்டு அந்த ஒன்பதில் கிடந்தான். வெளியே நான் மட்டும். மதில் என் இடது பக்கம். என் இடது காது போன மாதமே செவிடு. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்களே!

பொன்னியைப் பார்க்க உள்ளே போனேன். அவள் வயிற்றுத் தையலுக்கு நேர் மேலே கறுப்புச் சொட்டு தொங்குகிறது. "அக்கா, சொட்டப் போவுது பாரு" என்கிறாள். வெளியே ஓடி வந்தேன். தடக். தடக். தடக். நின்றது.

"நின்னுட்ச்சி! ஜல்தி தூக்குங்க!"

கத்தியது நான். பாழாய்ப்போன என் வாய்.

கரண்ட் போகவில்லை. எங்கள் பக்கத் தறியில் இழை அறுந்திருந்தது. அவ்வளவுதான். முடிச்சுப் போட்டதும் மறுபடி ஓடியது. நடுவழியில்தான் அந்தப் பக்கத் தறிச் சத்தம் குப்பன் மாமா காதில் விழுந்தது. "அடிப்பாவி, அந்தாண்ட தறி நிக்கவே இல்லடி!" மதிலுக்கு அப்பால் அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

புதுக் காளானுக்குள் உமியை இறக்கினோம். மாமா அடுத்தவரைத் தூக்கத் திரும்பிப் போனார். வரவில்லை. பொன்னி கண் திறந்திருந்தாள். மை படவில்லை. தையல் பிரியவில்லை. நெற்றியில் கல் பாய்ந்திருந்தது.

ஓட்டுக்கூட்டம் பேச்சை மீறிவிட்டது என்றார்கள் எங்கள் ஆட்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பயம். இப்போது தறி நின்றாலும் நாங்கள் கல் எறிகிறோம். அவர்களும் எறிகிறார்கள். இந்த மழைக்கும் அதே இடத்தில் காளான் வந்திருக்கிறது. தறி நிற்கும்போதெல்லாம் என் வாய் தானாகத் திறக்கிறது. கையால் பொத்திக்கொள்கிறேன்.

ஒன்பது பேரில் உயிரோடு சேர்ந்தது நாலு. தூக்கியவர்களில் இரண்டு பேர் இல்லை. செத்தது மொத்தம் ஏழு. பொன்னியை எப்போதும் கடைசியாகத்தான் எண்ணுவேன். முதலில் எண்ணினால் மற்றவர்கள் பெயர் வாயில் வராது. உண்மையைச் சொல்லாமல் நான் சும்மா இருந்த நாட்களில், தறி நின்ற நேரத்தில் செத்தவர்கள் இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினொன்று. அவர்களையும் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.