மர முட்டை

வான்கோழி நல்ல தாய். ஆனால் அது வான்கோழிக்குத் தெரியாது. நாம்தான் தெரியவைக்க வேண்டும்.

நீங்கள் நகரத்து போலீஸ்காரர், இதையெல்லாம் எழுதுவதா என்று பேனாவைத் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள். எழுதுங்கள். எங்கள் டான்யூப் கரையில் சில வருடம் பனி விலகிய பிறகும் ஒரு கோழிகூட அடைக்கு உட்காராது. அப்போது ஒரு வான்கோழியைப் பிடித்து, அலகைத் திறந்து பிளம் சாராயத்தை ஊற்றி, முட்டைகளின் மேல் உட்காரவைத்துக் கூடையைக் கவிழ்ப்போம். கூடைமேல் ஒரு கல். போதை தெளியும்போது வயிற்றுக்கடியில் முட்டை சூடாக இருக்கும். தான் இட்டது என்று நம்பிவிடும். பிறகு கல்லை எடுத்தாலும் எழுந்திருக்காது. பொரிந்தது கோழியா வாத்தா என்றுகூடப் பார்க்கத் தெரியாத முட்டாள் ஜென்மம், ஆனால் அடைகாப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை.

முதலில் மர முட்டைகளைத்தான் வைக்க வேண்டும். போதையில் பறவை புரளும், மிதிக்கும். அது அடங்கி உட்கார்ந்த பிறகே நல்ல முட்டைகளை மாற்றி வைப்பேன். என் கையில் ஒரு முட்டைகூட நசுங்கியதில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

என் தம்பி டூடோர் ஒரு கூமுட்டை. விளக்கில் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் நான், அதனால் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவன் போய் க்ரயோவா நகரத்திலிருந்து இலிங்காவைக் கட்டிக்கொண்டு வந்தான். கோழி எச்சத்தை மிதித்துவிட்டால் செருப்பைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பாள். அப்படிப்பட்ட மகாராணிக்கு ஆண் குழந்தை. மதேய் என்று பெயர் வைத்தோம்.

பெற்றவள் அவனைத் தூக்கவில்லை. தொட்டிலில் அவன் கத்துவான், இவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுவாள். பால் கட்டி ரவிக்கை நனையும், எழுந்திருக்க மாட்டாள்.

"அக்கா, எனக்குப் பயமா இருக்கு. தூக்கினா கீழ போட்டுருவேனோன்னு தோணுது. கொஞ்ச நாள் அம்மா வீட்டுக்கு அனுப்பி வைங்க. பிள்ளைய அங்க அம்மா பாத்துப்பாங்க."

"என் கோழிங்க எதுவும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லடி," என்றேன்.

அவளுக்கு உடம்பு சரியில்லை என்று டாக்டர் ஒரு பெயர் சொன்னார். சோம்பேறித்தனத்துக்கெல்லாம் இப்போது பெயர் வைத்திருக்கிறார்கள். டூடோர் அதையும் நம்பினான். ஞாயிற்றுக்கிழமை அவளையும் குழந்தையையும் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். எங்கள் வீட்டில் பிறந்த பிள்ளை வேறு வீட்டில் புட்டிப்பால் குடித்து வளர்வதா? நான் பிள்ளை பெற்றதில்லை, அதனால் எனக்கு வலிக்காது என்று நினைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை அவன் சந்தைக்குப் போனான். மதிய உணவுக்குப் பிறகு அவளுக்கு லிண்டன் பூ தேநீர் போட்டுக் கொடுத்தேன். பாதிக்கு மேல் சாராயம், காரம் தெரியாமலிருக்கத் தேன். "நீங்க நல்லவங்கக்கா, நான்தான் புரிஞ்சுக்கல," என்று சொல்லிக்கொண்டே குடித்தாள். இரண்டாவது குவளைக்கு என் தோளில் சாய்ந்துவிட்டாள். கட்டிலில் கிடத்தி, ரவிக்கையை அவிழ்த்து, மதேயை அவள் மார்மேல் வைத்தேன். வாத்து இறகு அடைத்த கனமான மெத்தைப் போர்வையை இருவர் மேலும் போர்த்தி, நான்கு ஓரத்தையும் படுக்கைக்கடியில் இறுக்கிச் செருகினேன். கதவைப் பூட்டிவிட்டுக் கோழிகளுக்குத் தீனி வைக்கப் போனேன்.

கொஞ்ச நேரம் அவன் அழுதது கேட்டது. பிறகு நின்றுவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது மனசு நிறைந்தது. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அவள் கவிழ்ந்து படுத்திருந்தாள். முதன்முறையாக அவள் கை அவனை அணைத்திருந்தது. போர்வையை விலக்கிய பிறகுதான் மற்றதைப் பார்த்தேன்.

குவளையைக் கழுவி வைத்தேன். சாராய வாடையை வைத்து எல்லாரும் அவள்தான் திருட்டுத்தனமாகக் குடித்தாள் என்றார்கள். அவளும் அப்படித்தான் நம்புகிறாள். உங்கள் லாக்கப்பில் உட்கார்ந்து, "நான்தான் கொன்னேன், என் பிள்ளைய நான்தான் கொன்னேன்," என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதற்காகத்தான் வந்தேன். ஒரு சோளக்களி கிளறினால் அடிபிடிக்க விடுகிறவள். அவளாக எதையும் செய்தாள் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். எல்லாம் குழந்தைக்காக நான் செய்தது. அவள் புரண்டது மட்டும்தான் அவள் செய்தது.

நேற்று அடக்கம் முடிந்து வந்து டூடோரிடமும் இதையே சொன்னேன். அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. கோழிக்கூண்டருகே போய், வைக்கோலிலிருந்து ஒரு மர முட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"வான்கோழிக்கு மொதல்ல இதத்தானே வைப்பே, அக்கா? எதுக்கு?"

இதுகூடத் தெரியாமல் இத்தனை வருடம் என் வீட்டில் வளர்ந்திருக்கிறான்.

"நசுங்கிட்டா? நல்ல முட்டை என்னோடதுடா," என்றேன்.