ஒரே ஒரு அடி

டீயை ஆற விட்டுட்டீங்களே சார். குடிச்சுட்டு எழுதுங்க, நான் எங்கயும் ஓடிப்போகப் போறதில்ல. நிறுத்தி நிதானமாவே சொல்றேன். கோர்ட்ல இருபத்தாறு வருஷமா சாட்சி சொல்றதை டைப் அடிச்ச கை இது. எழுதுறவன் கஷ்டம் எனக்குத் தெரியாதா?

தற்காப்புக்குத்தான் அடிச்சேன்னு சொன்னவங்க எத்தனை பேரைப் பாத்திருப்பேன்! பாதிப் பேர் வாயாலேயே கெட்டாங்க. ஒருத்தர், பின்வாசல் திறந்துதான் கிடந்துச்சுன்னு அவரே உளறிட்டாரு. ஓட வழியிருந்தும் ஏன்யா நின்னேன்னு கேட்டா என்ன சொல்வாரு, பாவம்? இன்னொருத்தர், எதிராளி விழுந்தப்புறமும் நாலு போட்டாரு. ஆபத்து போனப்புறம் அடிச்சா அது தற்காப்பு இல்ல, ஆத்திரம். வெறுங்கையோட நின்னவனை அடிச்சாலும் லேசுல எடுபடாது. யாரும் எனக்குப் பாடம் எடுக்கல சார். காதுல விழுந்துச்சு, விரல்ல தங்கிடுச்சு.

எங்க மாப்ள, அதான் என் தங்கச்சி புருஷன், கெட்டவர் இல்ல. வாய்தான் கொஞ்சம் நீளம். மூணு மாசம் தங்கறேன்னு என் வீட்டுக்கு வந்தவங்க, நாலு வருஷம் ஆச்சு. நான் பேச ஆரம்பிச்சா பாதியிலேயே பிடுங்கி அவரே முடிப்பாரு. நாள் பூரா அடுத்தவன் பேச்சை அடிக்கிறவன், வீட்டுலயாவது ஒரு பேச்சை முழுசாப் பேச வேணாமா? சிரிக்காதீங்க சார். அதுக்காகத்தான்னு நான் சொல்லல. எனக்குப் பயமா இருந்துச்சு.

பக்கத்து வீட்டு அக்காகிட்ட ஒரு வாரமாவே சொல்லிட்டு வந்தேன், மாப்ள என்னை மெரட்டறாருன்னு. புதன்கிழமை தங்கச்சி கடைக்குப் போனா. வாசலைப் பூட்டி, "எனக்கு ஞாபகமறதி மாப்ள, நீங்களே வச்சுக்கங்க"ன்னு சாவியைக் கொடுத்தேன். சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. அப்புறம் ரெண்டு எலுமிச்சம்பழம் நறுக்கித் தரச் சொல்லி, கத்தியை நீட்டினேன்.

"என்ன மச்சான், கத்தி இவ்வளவு மொக்கையா இருக்கு?"ன்னு சிரிச்சுக்கிட்டே திரும்பினாரு.

இஸ்திரிப் பெட்டியால ஒரே ஒரு அடி.

விழுந்தவர் உடனே போகல. "மச்சான், கொஞ்சம் தண்..."ன்னாரு. முழுசா வரல. "தண்ணியா?"ன்னு நான்தான் முடிச்சு வச்சேன். கொடுத்திருப்பேன் சார், கல்நெஞ்சுக்காரன் இல்ல நான். ஆனா 'பேச்சு மூச்சில்லாமல் விழுந்தார்'னு ஏற்கெனவே அடிச்சு வச்சுட்டேனே. நாற்காலியை இழுத்துப் போட்டு பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அரை மணி நேரம் ஆச்சு. ரெண்டாவது அடி அடிக்கல பாருங்க.

ஆமா, வாக்குமூலத்தை முந்தின நாளே, சாப்பாட்டு நேரத்துல கோர்ட்டுல உக்காந்து அடிச்சு மனப்பாடம் பண்ணேன். உங்க மேசை மேல இருக்கே, அதேதான். கிழிச்சுப் போட மனசு வரல. அடிச்ச எதுவானாலும் ஒரு காப்பி ஃபைல்ல வைக்காம எனக்குத் தூக்கம் வராது. தலையில தேதி போடாம விரலும் நகராது. புதன்கிழமை செத்தவருக்கு செவ்வாய்க்கிழமை தேதி. யானைக்கும் அடி சறுக்கும், என்ன பண்றது?

தங்கச்சி வெளியில அழறா போல, இங்க வரைக்கும் கேக்குது. நான் பொய் சொல்றேன்னு அவ நினைக்கக் கூடாது சார், அது ஒண்ணுதான் எனக்கு வருத்தம். நீங்களே போய்ச் சொல்லுங்க. அந்த ரூம்ல பயம் நெஜமாவே இருந்துச்சு. அவர் கண்ணுல நானே பாத்தேன்.