பெட்டி பெட்டியாய் வந்த கடிதம்

— இந்தக் கடிதத்தைத் தொட்டாக் காணும் ஷாரன், பட்டெண்டு மூடிடுது. நீ எழுதித் தந்த ஈமெயில் புரோகிராமுக்கு என்னில என்ன கோவமோ தெரியேல்லை.

— எல்லாக் கடிதத்துக்கும் மூடுதோ அப்பா?

— இல்லை, மற்றதெல்லாம் பெரிய எழுத்தில வடிவா வருது. இந்த ஒண்டுக்குத்தான் சேட்டை. அனுப்பின ஆளின்ர பேரும் பெட்டி பெட்டியாக் கிடக்கு. வைரஸ்தான். அழிச்சுப்போடட்டோ?

— வேண்டாம், கை வையாதேங்கோ.

— முந்தியும் இப்பிடி வந்ததுகளை அழிச்சுத்தானே போட்டனான்.

— ஐயோ அப்பா.

— கொம்பியூட்டர் எனக்கு இப்ப வேணும் பிள்ளை. ஞாயிறு சபையில என்ர தம்பிக்கு நினைவுச் செபம். பாஸ்ரருக்கு அவன்ர படம் அனுப்ப வேணும். ஊரில யுத்தம் முடிஞ்சு இவ்வளவு மாசமாச்சு, முகாமில கண்டதெண்டுகூட ஒருத்தரும் சொல்லேல்லை.

— சரி, அந்தக் கடிதத்தைத் திறக்காம அப்பிடியே எனக்குத் தள்ளிவிடுங்கோ.

— அல்பர்ட்ஸ்லுண்டில இருந்து ஒடென்சேக்கு மகளுக்கு வைரஸ் அனுப்பின அப்பன் எண்டு பேர் வரப்போகுது. இந்தா, அனுப்பியாச்சு.

— வந்திட்டுது. நோ, என்ர மக் கொம்பியூட்டரில மூடேல்லையே. நல்லாத் திறக்குது.

— அப்ப என்ர வின்டோஸ்தான் கள்ளன்.

— இல்லை, கள்ளி நான்தான். டெனிஷ் ø, å எழுத்துக்கு ரெண்டு இடம் காணும். உலகத்தில எல்லா எழுத்துக்கும் அவ்வளவு காணுமெண்டு நினைச்சுப் புரோகிராமை எழுதிட்டன். இதில ஒவ்வொரு எழுத்தும் மூண்டு இடம் கேக்குது. என்ர மக் நெருக்கி இருத்திப்போட்டுது. உங்கடது கதவைச் சாத்துது.

— அதென்ன மூண்டு இடம் கேக்கிற எழுத்து? சீனமோ?

— தமிழ், அப்பா.

— தமிழ்ப் பிள்ளை நீ, தமிழில ஒருக்கா அடிச்சுப் பாக்கேல்லையோ?

— நீங்களெல்லாம் இங்கிலீஷ் எழுத்திலதானே தமிழ் அனுப்புறியள். ஆர் தமிழில அடிக்கினம்?

— ஓம், இங்க ஒருத்தரும் இல்லைத்தான். தம்பி ஒருத்தன்தான் பிடிவாதக்காரன். கிளிநொச்சியில பிள்ளையளுக்குத் தமிழ் ரைப்பிங் படிப்பிச்சவன். இங்கிலீஷ் எழுத்தில அனுப்பினா அண்ணன் எண்டும் பாராம ஏசுவான்... ஷாரன், அனுப்பினது ஆர்?

— பொறுங்கோ, எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அந்... தோனி... முத்து. அப்பா, சித்தப்பா.

— என்ர தம்பியோ? வாசி பிள்ளை. பிழையா வாசிச்சாலும் பரவாயில்லை, வாசி.

— "அண்ணை, நாங்கள் எல்லோரும் வவுனியாவில் சுகமாக இருக்கிறோம். எத்தனை கடிதம் போட்டும் பதில் இல்லை. நீங்கள் உயிரோடுதானே இருக்கிறீர்கள்?"