ஹுவா ஹின்னில் ஒரு தலையசைப்பு

எனக்குத் தர்பூசணி பிடிக்கும். வெயில் ஊரில் வளர்ந்தவனுக்கு அதைவிட நல்ல பண்டம் வேறில்லை என்பது என் கட்சி. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. உங்கள் ஜமாஅத் கமிட்டியில் ஒருவர், "தாவூத் பாய் நாக்கு ருசிக்கு ஆசைப்பட்டுத் தப்புப் பண்ணிட்டார்" என்று பேசியதாகக் கேள்விப்பட்டேன். நாக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நடந்ததை எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். ஹூஸ்டன் உணவகங்களின் சமையலறைக்குள் போய்ப் பார்த்து, எது ஹலால் எது இல்லை என்று சொல்லப்போகும் குழுவுக்கு என்னைத் தலைவராகப் போடுவதாக இருந்தீர்கள். அறிவிப்புகூட அச்சாகிவிட்டது. இப்போது நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். இதை நிதானமாகப் படித்தால் பழைய முடிவுக்கே வருவீர்கள் என்று நம்புகிறேன்.

என் வாப்பா பாங்காக்கில் கல் வியாபாரி. மாணிக்கம், நீலம். நான் வளர்ந்தது அந்தத் தெருவில். அங்கே பெரிய விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. ஒரு கைக்குட்டையை விரித்து, அதன் அடியில் இருவரும் கை கொடுத்து, விரலை அழுத்தியே பேசி முடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு இரண்டு பேர் சும்மா சிரித்துக்கொண்டு நிற்பது மட்டும்தான் தெரியும். "இந்தக் கல் உங்களுக்கு ஆகாது, வேண்டாம்" என்று விற்கிறவர் சொன்னால், அவர் விலையை ஏற்ற ஆரம்பித்துவிட்டார் என்று பொருள். பத்து வயதில் நான் கற்ற பாடம் இது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் எந்தக் கல்லூரியும் எனக்கு இவ்வளவு உபயோகமான ஒன்றைச் சொல்லித்தரவில்லை.

ஹில்கிராஃப்ட் தெருவில் நான் டிராவல்ஸ் நடத்துவது உங்களுக்குத் தெரியும். டிசம்பர் லீவில் ஊருக்குப் போகிற நம் குடும்பங்களை, வழியில் தாய்லாந்தில் இறக்கி எட்டு நாள் சுற்றிக் காட்டுவேன். டெக்சாஸிலிருந்தும் வருவார்கள், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்தும் வருவார்கள். பாங்காக்கில் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. நம் ஆட்கள் கடையே இருக்கிறது. மூன்றாம் நாள் கடற்கரை ஊரான ஹுவா ஹின்னுக்குப் போவோம். அன்றைக்கு அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள் சோற்றைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஹுவா ஹின்னில் வெள்ளைக்காரர்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகள் ஏராளம். ரிட்டயர் ஆகி வருகிறார்கள், உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறார்கள், இரண்டு வருடத்தில் தாயார் சமையல் ஞாபகம் வந்து ஒரு அடுப்பைப் பற்றவைத்துவிடுகிறார்கள். இங்கிலீஷ்காரன் அவித்த பீன்ஸ் விற்பான், ஜெர்மன்காரன் உருளைக்கிழங்கு சாலட் விற்பான். எங்களுக்கு வாய்த்தவர் வால்ட்டர். டெக்சாஸில் லபக் ஊர்க்காரர். வாசலில் மாட்டுக் கொம்பு, உள்ளே ஒற்றை நட்சத்திரக் கொடி, மேஜையில் சிவப்புக் கட்டம் போட்ட துணி.

முப்பது வருடம் ஹூஸ்டனில் இருந்து ஒரு டெக்சாஸ் ஸ்டீக் கடை வாசலைக்கூட மிதிக்காத நம் ஆட்கள், பதினெட்டு மணி நேரம் பறந்து வந்து, அந்தக் கொம்பைக் கண்டதும் சொந்த வீட்டைக் கண்ட மாதிரி நின்றுவிட்டார்கள். செயலாளர் ஃபைஸின் மகள் இஸ்ரத்துக்கு அப்போது வயது ஆறு. "ஃபைனலி, நார்மல் ஃபுட்" என்று சொல்லி, யாரையும் கேட்காமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

"பாய், இங்க சாப்பிடலாமா?" என்று ஃபைஸ் கேட்டார்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஹலால் போர்டை எவன் வேண்டுமானாலும் அச்சடித்து மாட்டலாம். நாம் நம்புவது கூட வந்திருக்கிற விவரம் தெரிந்த மனிதரின் தலையசைப்பை. நான் மெனுவைப் பார்த்தேன். கறி வேண்டாம். மீன், உருளைக்கிழங்கு வறுவல், ஆப்பிள் பை. இதில் என்ன இருந்துவிடப் போகிறது? தலையசைத்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஒரு தலையசைப்பு மட்டும் கணக்கில் வராது.

கூட்டமாக வந்திருக்கிறோமே, விலையில் கொஞ்சம் பார்த்துச் செய்யச் சொல்லலாம் என்று சமையலறைக்குள் போனேன். வால்ட்டர் ஜன்னல் வழியே பெண்களின் முக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க ஆளுங்க முஸ்லிம்களா?"

"ஆமாம்."

"அப்ப என் சாப்பாடு உங்களுக்கு ஆகாது சார். வேற கடை பாத்துக்குங்க."

எனக்கு அந்த மனிதரை அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று. நாற்பது வருடம் கழித்து, ஒரு லபக்காரர் வாயிலிருந்து எங்கள் தெருப் பேச்சு. நான் சிரித்துக்கொண்டே மேஜைத் துணி ஒன்றை எடுத்துக் கையில் போர்த்தி, அவர் பக்கம் நீட்டினேன். அவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு துணியோடு சேர்த்துப் பிடித்து இரண்டு தரம் குலுக்கினார்.

"நான் விளையாடல சார்" என்று சொல்லி, அடுப்புக்குப் பக்கத்திலிருந்த வாளியின் மூடியைத் திறந்தார். டால்டா மாதிரி வெள்ளையாக இருந்தது. வாளியின் மேல் ஒரு பன்றிப் படம். அது சிரித்துக்கொண்டிருந்தது.

"பொரிக்கிறது எல்லாம் இதுலதான். ஆப்பிள் பை மாவும் இதுலதான் பிசையறேன். ஒரு மணி நேரம் குடுங்க, சட்டியைத் தேய்ச்சுக் கழுவித் தாவர எண்ணெய் ஊத்துறேன். பையை மட்டும் மாத்த முடியாது. அது எங்கம்மா பக்குவம்."

ஜன்னல் வழியே பார்த்தேன். இருபத்தாறு பேர். இஸ்ரத் கெட்சப்பைத் தட்டில் ஊற்றிவைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெளியே போய், "எழுந்திருங்கள்" என்று சொல்லலாம். ஆனால் அடுத்த கேள்வி, "அப்புறம் ஏன் பாய் தலையாட்டுனீங்க?" என்பதாக இருக்கும். கைக்குட்டைக்கு அடியில் கொடுத்த விலையை எங்கள் தெருவில் யாரும் திரும்ப எடுத்ததில்லை.

"எங்கள் ஆட்கள் ஹூஸ்டன்காரர்கள். அவ்வளவு கண்டிப்பு பார்ப்பதில்லை" என்றேன்.

"நிச்சயமா?"

"நான்தான் அவர்களுக்குத் தலைவர்."

அவர் பொரிக்கும் கூடையைச் சட்டியில் இறக்கினார். நல்ல மனிதர். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

தட்டுகள் வந்தன. எல்லோரும் கையில் எடுத்ததை வாயில் வைக்காமல் இன்னொரு தரம் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த நொடியை எப்படிச் சொல்வது? வாப்பா ஒரு கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது தெருவே அவர் முகத்தைப் பார்க்கும். அது எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்? நான் தலையசைத்தேன். சாப்பிட்டார்கள்.

என் மனைவி மஹ்பூபா, "உங்களுக்கு?" என்றாள். வயிறு சரியில்லை என்று சொல்லிப் பழத்தட்டு வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருடம் வேறு கடைக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டிக்கெட் புக் பண்ணும்போதே, "வால்ட்டர் கடை உண்டுதானே?" என்று கேட்கிறார்கள். இல்லை என்றால், ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும். மூன்றாம் வருடம் வால்ட்டர் எங்களுக்காகவே தனியாக ஒரு புதுச் சட்டி வாங்கி வைத்திருந்தார். பெருமையோடு அழைத்துப் போய்க் காட்டினார். எங்கள் சட்டி என்று அடையாளத்துக்கு அதில் ஒரு பச்சைச் சீட்டுகூட ஒட்டியிருந்தார். நான்தான் அந்தச் சட்டியை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னேன். புதுச் சட்டி வந்தால் பழைய சட்டியில் என்ன இருந்தது என்று கேட்பார்கள். இதைவிடத் தெளிவான காரணம் இருந்தால் சொல்லுங்கள்.

பர்வின் லாத்தா எங்களோடு முதன்முதலாக வந்தது அந்த வருடம்தான். ஃபைஸின் தாயார். அமெரிக்காவுக்கு வந்து முப்பத்தைந்து வருடமாக அவர் வெளியில் ஒரு பிடி சாப்பிட்டதில்லை. கடையில் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியால் பொடி எழுத்தைப் படிப்பவர். விசேஷ வீடுகளில் ஒரு வாழைப்பழம், அதோடு சரி. அந்தப் பயணத்துக்கும் டப்பாவில் சப்பாத்தி கொண்டுவந்திருந்தார். வெயிலில் அது ஊசிப்போயிற்று. பேத்தி அவர் முன்னால் வறுவல் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"தாவூது, நீ பாத்தியா?"

"பார்த்தேன் லாத்தா."

"உள்ள போயி?"

"உள்ள போய்த்தான்."

"அப்ப சரி."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் பிஸ்மில்லாஹ் சொல்லி ஒன்றை எடுத்துக் கடித்தார். ரொம்ப நேரம் மென்றார். பிறகு ஆப்பிள் பை வந்தது. அதை முழுதாகச் சாப்பிட்டுவிட்டுச் சிரித்தார். "அடப்பாவிகளா, இத்தனை வருஷமா இதையா எல்லாரும் தின்னுட்டு இருந்தீங்க? என்னைய மட்டும் வாழப்பழத்துல வச்சிருந்தீங்க?" மேஜையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அந்தப் பைக்காகவே அவர் வருடா வருடம் வந்தார். கொரோனா இரண்டு வருடம் போக, மொத்தம் ஐந்து டிசம்பர்.

மஹ்பூபாதான் ஒருமுறை கேட்டாள். "வருஷா வருஷம் அந்தக் கடை வாசல்ல வந்துதான் உங்க வயித்துக்கு வலி வருமா? சுகர் இருக்கிறவருக்குத் தர்பூசணி தின்னச் சொல்லி எந்த டாக்டர் எழுதிக் குடுத்தாரு?" கேட்டுவிட்டு, அவளுடைய பையை முடித்துவிட்டு, என் பங்கையும் வாங்கிக்கொண்டாள். நல்லவள்.

இந்த வருடம் லாத்தாவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. பயணம் முடியாது. வால்ட்டர் கடை ஆப்பிள் பை வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். ஃபைஸ் வால்ட்டருக்கு ஈமெயில் அனுப்பிப் பக்குவம் கேட்டிருக்கிறார். வால்ட்டர் சந்தோஷமாக, தாயார் கைப்பட எழுதிய தாளையே படம் எடுத்து அனுப்பிவிட்டார். முதல் வரியே பன்றிக் கொழுப்பு, நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும் என்று. கீழே அவராக ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: "உங்கள் தலைவரிடம் முதல் நாளே சொன்னேன். பரவாயில்லை என்றார். பெரிய மனசுக்காரர்."

ஃபைஸ் என் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. போனை மேஜைமேல் வைத்தார். நான் படித்து முடிக்கிறவரை நின்றுகொண்டே இருந்தார்.

"உம்மாட்ட நான் என்ன பாய் சொல்லட்டும்?"

"ஒன்றும் சொல்ல வேண்டாம்."

"கேட்டாங்கன்னா?"

"என்னைக் கேட்கச் சொல்லு."

கேட்டார். லாத்தாவைப் பார்க்க வந்த யாரோ அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் ஹூஸ்டன் அப்படித்தான். என்னை வரச்சொன்னார். போனேன். கட்டிலில் எலும்பாகக் கிடந்தார். பூதக்கண்ணாடி தலையணைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஃபைஸ் கதவருகில் நின்றார்.

"தாவூது, எனக்கு இனிமே ரொம்ப நாள் இல்ல. ஒன்னே ஒன்னு சொல்லு. அந்தக் கடையில எல்லாம் சுத்தந்தானே?"

நான் தலையசைத்தேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணை மூடிக்கொண்டார். ஃபைஸ் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். நான் செருப்பைப் போடுகிறவரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆக, கேட்டதற்கு நேரடியான பதில். ஆம். எனக்குத் தெரியும். முதல் நாளே, தட்டுகள் மேஜைக்கு வருவதற்கு முன்பே தெரியும். ஏழு பயணம், ஏறக்குறைய இருநூறு பேர், என் மனைவி உட்பட. எல்லோருக்கும் நான்தான் தலையசைத்தேன்.

ஆனால் மார்க்கம் தெரிந்தவர்கள் நீங்கள். அறியாமல் சாப்பிட்டவர் மேல் குற்றமில்லை. அறிந்தவன் மேல்தான் எல்லாம். அப்படியானால் இருநூறு பேருடைய சுமையை இத்தனை வருடமாக ஒருத்தன் தோளில் தனியாகச் சுமந்திருக்கிறேன். அவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கினார்கள். இந்த ஊரில் சமுதாயத்துக்காக இவ்வளவு செய்தவர் வேறு யாரையாவது காட்டுங்கள், நான் பதவியை விட்டுக் கொடுக்கிறேன். அதுவுமின்றி, ஒரு சமையலறைக்குள் என்னவெல்லாம் இருக்கக்கூடும் என்று உங்களில் என்னைவிடத் தெரிந்தவர் யார்?

கடைசியாக ஒன்று. தாவூதுக்குப் பேணுதல் இல்லை என்று ஒருவர் சொன்னாராம். அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஏழு டிசம்பரும் அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். தர்பூசணியைத் தவிர ஒரு துணுக்கு என் வாயில் பட்டதில்லை. சந்தேகமிருந்தால் மஹ்பூபாவைக் கேளுங்கள். எதிரில் உட்கார்ந்து, பை சாப்பிட்டுக்கொண்டே, ஏழு வருடமும் அவள் பார்த்திருக்கிறாள்.